வெட்சி எனும் இட்லிப்பூ: மண் பார்ப்பது முதல் பூப் பறிப்பது வரை

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பெட்டி பெட்டியாக வெட்டிவிடப்பட்டு, பூவே இல்லாமல், மேலிலை மஞ்சளடித்து நிற்கும் இட்லிப்பூச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ‘உரம் போதவில்லை’ என்று சாம்பலும் முட்டை ஓடும் போடுவார்கள். செடி இன்னும் வெளிறும். வருடம் முழுவதும் இலை உதிராத, தானாகவே பூக்கக்கூடிய இந்தச் செடி கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தாம்: மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சுண்ணாம்பு, தோட்டக்காரர் கையில் இருக்கும் வேலிக்கத்தரி. பூச்சியும் நோயும் அதற்கு அப்புறம்தான். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

செடியை அடையாளம் தெரிந்து வாங்குவது

இட்லிப்பூ என்ற பெயரில் நர்சரியில் நாலைந்து வேறு வேறு செடிகள் விற்கின்றன. நம் மண்ணுக்குரியது இக்ஸோரா காக்சினியா. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். சங்கப் பாடல்களின் வெட்சி இதுதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மலையாளத்தில் தெச்சி, செத்தி. சிங்களத்தில் ரத்மல், அதாவது செம்மலர். காபிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். எதிரெதிராக அமைந்த இலைகளின் காம்புகளுக்கு நடுவே, தண்டை ஒட்டிச் சின்னதாக ஒரு முக்கோணச் செதில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் முத்திரை அது.

நாட்டுச் செடியில் இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. இலையடி வளைந்து தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பூவின் நான்கு இதழ்களும் நுனி கூர்த்திருக்கும். இதழ் நுனி மழுங்கி வட்டமாகவும், இலைக்குச் சிறு காம்பும் இருந்தால் அது பெரும்பாலும் சீன வகை அல்லது அதன் கலப்பு. விரற்கடை நீள இலைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் குட்டைச் செடி, ‘மினி இட்லிப்பூ’ என்று விற்கப்படும் கலப்பு வகை. பாத்தி ஓரத்துக்கும் சின்னத் தொட்டிக்கும் அது நல்லதுதான். ஆனால் காய் அரிதாகவே பிடிக்கும். பறவைக்குப் பழம் வேண்டும் என்பவர்கள் நாட்டு வகையையே தேட வேண்டும். கடையில் நிற்கும்போதே, பூத்து முடிந்த கொத்தில் மிளகளவு காய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து வரலாம்.

தொட்டியின் அடித்துளை வழியே வேர் கட்டையாக வெளிவந்திருக்கும் செடி வேண்டாம். நுனியிலை மட்டும் மஞ்சளாக இருக்கும் செடியும் வேண்டாம். கீழ் இலை ஒன்றிரண்டு பழுத்திருந்தால் குற்றமில்லை.

மண்ணைச் சோதிப்பது

வெட்சி இயல்பாக வளர்வது மேற்குக் கரையின் செம்புரைக்கல் மேடுகளிலும் மலையடிவாரப் புதர்க்காடுகளிலும். அங்கே மழை, சுண்ணாம்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. மண் புளிப்பானது, சிவப்பானது. கார அமிலக் குறியீடு (pH) 5 முதல் 6.5 வரை இருந்தால் செடி நிம்மதியாக இருக்கும். தமிழகச் சமவெளியில் பல தோட்டங்களில் அது 7.5-க்கு மேல் இருக்கிறது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகும்போது அது கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது, வேரால் எடுக்க முடிவதில்லை. பசித்தவன் பூட்டிய சமையலறைக்கு வெளியே நிற்பது போன்ற நிலை.

சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஓர் அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நிழலில் உலர்த்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு தேக்கரண்டி வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு அப்படியே கிடக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் குழி தோண்டாதீர்கள். கந்தகத் தூள் போட்டு மாற்றலாம் என்பார்கள். பொங்குகிற மண்ணில் அது வீண் செலவு. கந்தகம் உண்டாக்கும் அமிலத்தை அங்கிருக்கும் சுண்ணாம்பு உடனுக்குடன் விழுங்கிவிடும். அங்கே ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்தி அல்லது தொட்டிதான் வழி. நுரைக்காத மண்ணாக இருந்து, குறியீடு மட்டும் 7-ஐ ஒட்டி இருந்தால், சதுர மீட்டருக்கு 30 கிராம் கந்தகத் தூளை மேல்மண்ணில் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம்.

சோதனையில் தப்பித்தாலும் ஓர் இடத்தில் எச்சரிக்கை வேண்டும்: மதில் ஓரம். கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவை, பூச்சுத் துண்டு, கருங்கல் தூள் எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டால் பாதி தொல்லை குறையும். வெயில் குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். நிழலிலும் செடி பசுமையாக நிற்கும், பூ மட்டும் வராது.

நடுவது

ஆடி, ஆவணி நல்ல பருவம். மழைநீர் தேங்காத இடமானால் புரட்டாசி வரையிலும் நடலாம். சித்திரை, வைகாசியில் நட்டால் தண்ணீர் ஊற்றியே அலுத்துவிடும்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது களிமண் குழி, வேர் அழுகிப்போகும். அந்த இடத்தை விட்டுவிட்டு மேடு கட்டுங்கள். தண்ணீர் வடிந்துவிட்டால், செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது இலைமட்கு ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, இவற்றுடன் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து நிரப்புங்கள். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் போதும்.

நாட்டு வகை ஆளுயரம் வளரும், பரவவும் செய்யும். தனிச்செடிக்கு ஐந்தடி, வேலிக்கு இரண்டரை அடி இடைவெளி விடுங்கள். குட்டை வகைக்கு ஒன்றே கால் அடி. ‘சீக்கிரம் அடரட்டும்’ என்று அரையடிக்கு ஒன்றாக நட்டால், மூன்றாம் வருடம் உள்ளே காற்றுப் புகாமல் மாவுப்பூச்சி குடியேறும்.

நர்சரிப் பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டு புதைந்தால் அடித்தோல் அழுகும். நட்டதும் காய்ந்த சருகை மூன்று விரற்கடைக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிடுங்கள்.

தண்ணீர், ஊட்டம்

முதல் ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும். வேர் மேலோட்டமானது. முழுக்கக் காயவிட்டால் மொட்டு உதிரும். எப்போதும் சேறாக இருந்தால் வேர் போகும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு விட்டால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சுண்ணாம்பு சேர்கிறது என்று அர்த்தம். மொட்டைமாடி மழைநீர் கிடைத்தால் அதை இந்தச் செடிக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் 10 லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஊற்றினால் ஓரளவு கடுமை குறையும். சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடுகிறவர்கள் நிறைய. சிக்கனம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது. வெட்சிக்கு வேண்டவே வேண்டாம்.

அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு கலந்த எதுவும் இந்தச் செடிப்பக்கம் போகக்கூடாது. ரோஜாவுக்குப் போடுகிறோமே என்று இதற்கும் போட்டுத்தான் முக்கால்வாசிச் செடிகள் வெளிறுகின்றன. மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரம் கொடுத்தாலே நிலத்துச் செடிக்குப் போதும். ரசாயன உரம் போடுகிறவர்கள் அமோனியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுக்கலாம். தழைச்சத்து கொடுப்பதோடு மண்ணைக் கொஞ்சம் புளிப்பாக்கவும் செய்யும். வளர்ந்த செடிக்கு 20 கிராம், வருடம் மூன்று முறை, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, ஈரமண்ணில்.

இலை சொல்வதைப் படிப்பது

புதிய இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புப் பற்றாக்குறை. உடனடி மருந்து அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்). ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது அரை எலுமிச்சைச் சாறு, பிறகு 5 கிராம் அன்னபேதி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் கடினநீரில் உப்பு துருநிறமாகத் திரிந்துவிடும். திரிந்த கரைசல் உதவாது. வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் படத் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறாமல் போகலாம். அடுத்த கொழுந்து பச்சையாக வருகிறதா என்பதுதான் கணக்கு. கரைசல் தரையில் பட்டால் துருக்கறை போகாது, வெள்ளை ஓடு பதித்த வாசலில் கவனம்.

தெளிப்பது தற்காலிகம். வேர் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் கொடுக்கிணைப்பு இரும்பு (செலேட்டட் அயர்ன்) வாங்குங்கள், ஆனால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் தாக்குப்பிடிக்காது, அதைத் தெளிக்கத்தான் முடியும். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை விலை கூடுதல், கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும், கார மண்ணிலும் வேலை செய்யும். நிலத்துச் செடிக்கு 5 கிராம், தொட்டிக்கு 2 கிராம் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம்.

முதிர்ந்த அடி இலைகளில் ஊதாப்பழுப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் கதை வேறு. அது சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறை. பலர் இதைப் பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். மணற்பாங்கான நிலத்திலும் தொட்டியிலும் அடிக்கடி வரும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 10 கிராமை மண்ணில் கொடுத்தால் மேலே வரும் இலைகளில் புள்ளி வராது. புள்ளி இல்லாமல் அடி இலை முழுக்க ஒரே சீராகச் செம்பழுப்பானால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைகிறதா என்று பாருங்கள்.

இலை மேல் கரி பூசியது போலிருந்தால் துடைப்பதில் பயனில்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள், செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அவை வடிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூசணம் படிகிறது. எறும்பு வரிசையைத் தொடர்ந்து போனாலே பூச்சி இருக்கும் கிளை தெரிந்துவிடும். கூட்டமாக இருக்கும் கொழுந்தை ஒடித்துச் சோப்பு நீரில் போடுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை மூன்று வாரம். பூக்கொத்தின் மேல் படாமல் அடியுங்கள். பட்டாம்பூச்சி வந்து உட்காரும் இடம் அது.

கத்தரிப்பது

வெட்சி கிளையின் நுனியில்தான் பூக்கும். இலைக்கக்கத்தில் பூக்கும் செடியை எங்கே வெட்டினாலும் பரவாயில்லை; இதில் நுனியை வெட்டினால் மொட்டைத்தான் வெட்டுகிறோம். மாதா மாதம் வேலிக்கத்தரியால் மட்டம் தட்டும் செடி பூக்காததில் வியப்பே இல்லை. ஒவ்வொரு முறையும் புதுத்தளிர் முற்றி மொட்டு வைக்கப் போகும் நேரத்தில் அதன் தலை போய்விடுகிறது. பார்ப்பதற்குச் சுவர் மாதிரி வேண்டுமென்றால் சுவரே கட்டிவிடலாம், தண்ணீர் மிச்சம்.

சரியான முறை: ஒரு கொத்தில் பெரும்பாலான பூக்கள் உதிர்ந்ததும், கொத்துக்குக் கீழே இரண்டாவது இலைச்சோடிக்குச் சற்று மேலே கைக்கத்தரியால் வெட்டுங்கள். அந்தச் சோடியின் இரண்டு கக்கத்திலிருந்தும் இரண்டு தளிர் கிளம்பும்; ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு கொத்து வரும். அடுத்த பூவுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் கொடுங்கள். அதுவரை அந்தக் கிளையைத் தொடக்கூடாது.

அடி மொட்டையாகி மேலே மட்டும் இலை நிற்கும் கிழச்செடியையும் மீட்கலாம். ஆடி மழையை ஒட்டி, மூன்றில் ஒரு பங்குக் கிளைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டுங்கள். அவை தழைத்தபின் அடுத்த பங்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால், வேர் பலவீனமான செடி மறுபடி எழாமலே போகலாம்.

புதுச்செடி எடுப்பது

பூக்காத, பென்சில் கனமான, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டில் நான்கு அங்குல நீளத்துக்கு, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேல் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி, மற்றவற்றைக் களையுங்கள். வேர்த்தூண்டித் தூளில் தொட்டு, ஆற்றுமணலும் நார்க்கழிவும் சமமாகக் கலந்த பையில் நட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மேலே தளிர் வந்துவிட்டது என்று நம்பிப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். தண்டில் இருந்த சேமிப்பை வைத்தே தளிர் வரும். மெல்ல இழுத்தால் மண் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள், அதுதான் வேர்.

விண்பதியம் இன்னும் உறுதியானது. ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையுரித்து, நனைத்த பாசி வைத்து, பாலித்தீன் சுற்றி இரு முனையும் இறுக்கினால் இரண்டு மாதத்தில் வேர் கண்ணுக்குத் தெரியும். நாட்டு வகையை விதையிலிருந்தும் எடுக்கலாம். கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கிக் கழுவி உடனே விதையுங்கள். பூக்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

பூவுக்குள்ளே நடப்பது, தோட்டத்துக்கு வருவோர்

நாளை விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பறித்து, நகத்தால் இதழைப் பிரித்துப் பாருங்கள். நான்கு மகரந்தப் பைகள் நடுவிலுள்ள சூல்தண்டின் நுனியை அணைத்தபடி வெடித்திருக்கும். மகரந்தம் அந்த நுனியின் வெளிப்புறத்தில் அப்பியிருக்கும். பூ விரியும்போது பைகள் சுருங்கிக் கீழே சாய்ந்துவிட, நுனி மட்டும் மூடிய முளையாக நீட்டிக்கொண்டு நின்று, வருகிற பூச்சியின் மேல் மகரந்தத்தைத் தடவும். அதற்குப் பின்னரே நுனி இரண்டாகப் பிளந்து வளைந்து, பிற பூவின் மகரந்தத்தை ஏற்கும். ஒரே பூ முதலில் கொடுக்கும், பிறகு வாங்கும்.

தேன் இருப்பது அங்குலத்துக்கு மேல் நீளும் ஊசிக்குழலின் அடியில். தேனீயின் நாக்கு அவ்வளவு நீளமில்லை. அதனால்தான் வெட்சியைச் சுற்றி நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் கூடுகின்றன: கறிவேப்பிலை அழகி, மலையோர ஊர்களில் கருப்பும் பொன்னுமாகப் பறவைபோல் வரும் பொன்னழகி. தேன்சிட்டு குழலின் அடியில் ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போவதும் உண்டு, மகரந்தச் சேவை செய்யாத விருந்தாளி. குழந்தைகள் சூல்தண்டை உருவி நுனித் துளியை நக்குவதும் இதே கொள்ளைதான்.

தேன் இருந்தால் மட்டும் பட்டாம்பூச்சி தங்காது. முட்டையிட இடம் வேண்டும். வெட்சிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள், கறிவேப்பிலை அழகியின் புழு அவற்றைத்தான் தின்னும். ஈஸ்வரமூலிக் கொடி ஒன்றைப் படரவிட்டால் பொன்னழகிக்கும் அதன் உறவுகளுக்கும் ஆகும். வெட்சியின் தளிரையே தின்னும் புழுவும் ஒன்று உண்டு: ‘மங்கி பசில்’ எனப்படும் சிறு நீலன் இனத்துப் பட்டாம்பூச்சியின் புழு. பச்சையாக, முதுகில் புடைப்புகளோடு இருக்கும் அதைப் பார்த்தால் மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். நாலு தளிர் போனால் செடி சாகாது. கொத்துகளில் கால்வாசியைக் கத்தரிக்காமல் விட்டால் காய் சிவந்து கறுக்கும். கொண்டைக்குருவிகள் வந்து தீர்த்துவைக்கும்.

போர்ப்பூ, பூசைப்பூ

தொல்காப்பியம் ‘வெட்சி தானே குறிஞ்சியது புறனே’ என்கிறது, அதாவது அகத்தில் குறிஞ்சித் திணைக்கு இணையான போர்த் திணை வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடிய பூ வெட்சி. போர் அங்கிருந்துதான் தொடங்கும். நிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற அந்த இலக்கணச் சொல், 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகல்லிலும் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையில் வெட்சி குறிஞ்சியை அடுத்து வருகிறது. திருமுருகாற்றுப்படை ‘செங்கால் வெட்சி’ என்று காம்பின் சிவப்பையும் கவனித்துச் சொல்கிறது. செடியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியது. முருகனுக்குரிய ‘செச்சை’ மாலையும் இதே பூ.

கேரளத்தில் இன்றும் தெச்சி அன்றாடக் கோயில் பூ. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த மலபார்த் தாவர நூலில் அந்த மலையாளப் பெயரிலேயே இது பதிவானது. 1753-ல் லின்னேயஸ் வைத்த ‘இக்ஸோரா’ என்ற பெயர் ‘ஈஸ்வர’ என்பதன் திரிபு. தாய்லாந்தில் இதற்கு ஊசி என்று பெயர். கூர்மொட்டைப் போல் மாணவர் அறிவும் கூராகட்டும் என்று ஆசிரியரை வணங்கும் நாளில் படைக்கிறார்கள். தமிழன் மட்டும் அதே கொத்தில் இட்லியைக் கண்டான்.

மலையாள வீடுகளில் தெச்சிப்பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளுக்குத் தேய்ப்பது வழக்கம். இரண்டு கைப்பிடி பூவைக் கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, கால் லிட்டர் எண்ணெயில் சிறுதீயில் வையுங்கள். சலசலப்பு அடங்கிப் பூ மொறுமொறுத்ததும் இறக்கி வடிகட்டுங்கள். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் சிக்கடிக்கும். பூச்சிமருந்து பட்ட பூ கூடாது. தோலில் புண்ணோ படையோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான்.

மாலைக்கோ சாமிக்கோ பறிக்கும்போது கொத்தை ஒடிக்காதீர்கள். கொத்தில் பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. விரிந்தவற்றை மட்டும் குழலின் அடியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால், பச்சைப் புல்லி செடியிலேயே நிற்க, பூ முழு நீளத்தோடு கழன்று வரும். மொட்டுகள் பின்னால் விரிந்துகொண்டே இருக்கும். நாலைந்து பூவாகச் சேர்த்து, நனைத்த வாழைநாரில் குழலின் நடுவே முடிச்சுப் போடுங்கள். இதழை ஒட்டிக் கட்டினால் முடிச்சு வழுக்கும், அடியில் கட்டினால் தலை தொங்கும்.